தராசில் தூசு படக்கூடாது

காலை ஒன்பது மணிக்கு அவர் எடை அறைக்குள் நுழையும் முறையில் பதினோரு ஆண்டுகளாக எந்த மாற்றமும் இல்லை. செருப்பை வெளியே கழற்றி, இரண்டின் மூக்கும் சுவரைப் பார்க்குமாறு வைப்பார். முழங்கைவரை கை கழுவுவார். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலின் தாழ்ப்பாளை இருமுறை தொட்டுப் பார்ப்பார். பிறகு நாற்காலியில் அமர்ந்து ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருப்பார். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, அவர் தூங்குகிறார் என்று மற்றவர்களிடம் சொல்வதுண்டு. அவர் தூங்கவில்லை, மூச்சு அடங்கக் காத்திருந்தார். அந்தத் தராசு ஒரு தலைமுடியின் எடையைச் சொல்லக்கூடியது. பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டால் அதையும் எடையோடு சேர்த்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் மனைவியுடன் வாக்குவாதம் நடந்த நாள்களில் அவர் பத்து நிமிடம் காத்திருப்பார்.

மூச்சு அடங்கியதும் வேலை தொடங்கும். கண்ணாடிப் பேழையிலிருந்து ஓர் உறையை எடுத்து, உள்ளிருக்கும் தாளை இடுக்கியால் பிரிப்பார். எஃகுத் தட்டம் ஒன்றின் மேல் அதைப் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் இடமிருந்து வலமாக மூன்று முறை வருடுவார். பின்னர் தராசின் சிறு கதவைத் திறந்து, தாளை வைத்து, கதவைச் சாத்தி, எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்திருந்து, பதிவேட்டில் எழுதுவார். அவருடைய கையெழுத்து அச்செழுத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

அலுவலகத்தில் எல்லாரும் அவரை நிறுவைக்காரர் என்றே அழைத்தார்கள். நகரத்தின் காற்று எவ்வளவு அழுக்கானது என்று அளந்து சொல்வது அந்த அலுவலகத்தின் பணி. அதற்காக ஏழு இடங்களில் ஏழு இயந்திரங்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஓட்டுக்கூரை போட்ட நாய்க்கூண்டு போல இருக்கும். ஒரு வெள்ளைத் தாளின் வழியே ஒரு பகலும் ஓர் இரவும் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஓயாமல் இரையும். தாளை முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை நிறுத்தால், இடையில் ஏறியிருக்கும் எடைதான் தூசு. அதை உறிஞ்சிய காற்றின் அளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் நூறைத் தாண்டினால் அங்கே காற்று கெட்டுவிட்டது என்று பொருள். இதைவிடச் சிக்கலான விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை.

தாள்களைக் கொண்டுவருபவர் நிறுவைக்காரரின் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. இரண்டு சக்கர வண்டியில் ஏழு இடங்களையும் சுற்றி வந்து, எடை அறைக் கதவிலிருந்த சிறு திறப்பு வழியே உறைகளை நீட்டுவார். அறைக்குள் நுழைய அவருக்கும் அனுமதி இல்லை.

“மாமா, இது குப்பைமேட்டுத் தாளு. பாத்துப் பிரிங்க, அடுப்புக்கரி மாதிரி இருக்கு.”

“கண்ணால பாத்து எடை சொல்றது உன் வேலை இல்ல மச்சான்.”

“எடையை யாரு சொன்னா? என் சட்டையைச் சொல்றேன். இதைத் துவைக்க மாட்டேன்னு அக்கா சத்தியம் பண்ணிட்டா.”

நிறுவைக்காரர் உறையின் மேல் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு திறப்பை மூடினார்.

குப்பைமேட்டுக்கும் நெடுஞ்சாலைச் சந்திப்புக்கும் நடுவில் ஒரு தெரு இருந்தது. ஒரு முனையில் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். மறு முனையில் குப்பை எரியும். அந்தத் தெருவில் ஒரு தையற்காரம்மா இருந்தார். பள்ளிச் சீருடைகள் தைப்பது அவர் தொழில். ஏழு இயந்திரங்களில் ஒன்று அவருடைய மொட்டைமாடியில்தான் ஒன்பது ஆண்டுகளாக இரைந்துகொண்டிருந்தது. அலுவலகம் கேட்டவுடன் இடத்தையும் மின் இணைப்பையும் அவர் கொடுத்திருந்தார். அளப்பது நல்ல காரியம் என்பது தம் தொழிலிலிருந்து அவர் கற்றுக்கொண்ட கருத்து.

குப்பைமேட்டின் உரிமத்தை மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, தையற்காரம்மா வீடு வீடாகச் சென்று நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினார். முப்பது வீடுகள் எதிர்த்துக் கையெழுத்திட்டால் உரிம வாரியம் நேரில் வந்து விசாரித்தாக வேண்டும். முப்பதுக்குக் குறைந்தால் விசாரணையின்றி உரிமம் நீண்டுவிடும். இதுவே விதி. மனுவை வலுப்படுத்த எண்ணி, தம் மாடி இயந்திரம் காட்டிய அளவைத் தருமாறு அவர் அலுவலகத்துக்கு எழுதினார். அந்த வாரம் தலைமை அலுவலர் விடுப்பில் இருந்தார். எனவே நிறுவைக்காரரே பதில் எழுதிக் கையொப்பமிட்டார்.

கடிதத்தில் மூன்று பத்திகள் இருந்தன. முதல் பத்தி, தையற்காரம்மாவின் மாடியில் ஆண்டுச் சராசரி அறுபத்தொன்று என்றது. இரண்டாம் பத்தி, நகரப் பூங்காவின் சராசரி அறுபத்து நான்கு என்றும், ஆகவே அவருடைய தெருவின் காற்று பூங்காவின் காற்றைவிடத் தூய்மையானது என்றும் விளக்கியது. மூன்றாம் பத்தியை யாரும் கேட்கவில்லை. ‘புலன்களுக்குத் தோன்றுபவை அளவீட்டுக்கு ஈடாகா. அடிப்படையற்ற அச்சத்தைப் பரப்புவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்.’ இந்த வாக்கியங்கள் நிறுவைக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தன. அவற்றை இருமுறை திருத்தி எழுதினார்.

கடிதத்தின் நகல் எப்படியோ குப்பைமேட்டு ஒப்பந்தக்காரரின் கைக்குப் போனது. அடுத்த வாரமே குப்பைமேட்டு வாயிலில் ஒரு தகரப் பலகை முளைத்தது. ‘இங்கே காற்று பூங்காவைவிடச் சுத்தம். ஆதாரம்: அரசுக் கடிதம்’ என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. பொய் மனுவில் தங்கள் பெயர் இருப்பதை யார் விரும்புவார்கள்? முப்பத்து மூன்று வீட்டுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மிச்சம் எட்டு. அன்றுமுதல் தையற்காரம்மாவுக்குத் தெருவில் ‘பூங்காக்கா’ என்று பெயர் விழுந்தது.

மூன்று நாளுக்கு ஒருமுறை அவர் வீட்டு மாடிப்படி ஏறுகிற மைத்துனர் இதையெல்லாம் கொண்டுவந்து திறப்பு வழியே சொன்னார்.

“அந்த அம்மா எங்கிட்டப் பேசறதையே விட்டுட்டாங்க மாமா. முன்னெல்லாம் தேநீர் குடுப்பாங்க.”

“எண்ணு என்ன சொல்லுதோ அதைத்தானே எழுத முடியும்?”

“எண்ணு சொல்லுது. ஆனா அந்தத் தெருவுல நான் பத்து நிமிஷம் நின்னா மூக்கு அடைச்சுக்குதே. மூக்கு பொய் சொல்லுமா?”

“மூக்கை யாரும் சரிபார்த்துச் சான்றிதழ் குடுக்கல மச்சான். தராசுக்குக் குடுத்திருக்காங்க.”

மனு கொடுக்கக் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை தையற்காரம்மா நேரில் வந்தார். கையில் கடிதம் இல்லை, கோபமும் இல்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

“என் மாடித் தாளை எப்ப நிறுப்பீங்க?”

“நாளைக்குக் காலைல. ஒன்பதேகாலுக்கு.”

“நான் வந்து பாக்கலாமா?”

“வெளியாளுங்க உள்ள வரக்கூடாதும்மா. மூச்சுக்காத்து பட்டா எண்ணு மாறிடும்.”

“ஒன்பது வருஷமா உங்க மிஷின் எங்க மாடில கத்திக்கிட்டிருக்கு. என் தூக்கத்தையே குடுத்திருக்கேன். நான் வெளியாளா?”

நிறுவைக்காரர் விதிநூலை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். இயந்திரத்துக்கு இடம் கொடுத்தவர் உள்ளே வரக்கூடாது என்று எங்கும் இல்லை. விதி இல்லாத இடத்தில் மறுக்க அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தையற்காரம்மாவும் கை கழுவினார். அவருக்கு இரண்டு அளவு பெரிதான வெள்ளைக் கோட்டைப் போட்டு, மூக்கையும் வாயையும் ஒரு துணியால் கட்டி, சுவரோரம் உட்காரவைத்தார் நிறுவைக்காரர். கோட்டின் தோள் தையல் கோணலாக இருப்பதைத் தையற்காரம்மா கவனித்தார், ஆனால் சொல்லவில்லை. நிறுவைக்காரர் தம் நாற்காலியில் அமர்ந்து அசையாமல் இருந்தார்.

“இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று தையற்காரம்மா துணிக்குள்ளிருந்து கேட்டார்.

“மூச்சு அடங்கணும்.”

“யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்.”

ஐந்து நிமிடம் கழித்து நிறுவைக்காரர் உறையை எடுத்தார். தாளைப் பிரித்தபோது அது கருமையும் பழுப்புமாகப் புழுதி படிந்து கிடந்தது. எஃகுத் தட்டத்தின் மேல் பிடித்து, தூரிகையால் மூன்று முறை வருடினார். மேலே படிந்திருந்த சாம்பல் பாளம் பாளமாகக் கழன்று தட்டத்தில் விழுந்தது. தாள் ஓரளவு வெளுத்தது. அதைத் தராசில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

“இப்ப கீழ உதிர்ந்ததே, அது என்ன?” என்றார் தையற்காரம்மா.

“தூசும்மா.”

“எதுக்கு உதிர்த்தீங்க?”

“தராசுல தூசு படக்கூடாது.” நெருப்பு சுடும் என்று குழந்தைக்குச் சொல்வது போல அவர் அதைச் சொன்னார்.

தையற்காரம்மா தட்டத்தை எட்டிப் பார்த்தார். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளக்கும் பழக்கம் உள்ளவர் அவர்.

“இந்தத் தாளை எதுக்கு நிறுக்கறீங்க?”

“இதுல எவ்வளவு தூசு இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“சரி.”

தராசில் எண் நின்றுவிட்டது. நிறுவைக்காரர் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, தேதியை எழுதி, இடத்தை எழுதி, எடைக்கு உரிய கட்டத்தில் பேனாவை வைத்தார். பேனா நகரவில்லை. அவர் தட்டத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி தட்டத்தைப் பார்த்தார். தராசின் எண் திடீரென்று மேலும் கீழும் தடுமாறத் தொடங்கியது.

“அம்மா, கொஞ்சம் மூச்சை அடக்கிக்குங்க.”

“நான் அடக்கிட்டுத்தான் இருக்கேன். அது உங்க மூச்சு.”

உண்மைதான். அன்று அவர் மூச்சு அடங்குவதற்குக் கால் மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

“அந்தத் தட்டத்துல இருக்கறதை மட்டும் தனியா நிறுக்க முடியுமா?” என்றார் தையற்காரம்மா.

பதினோரு ஆண்டுகளில் அவர் நிறுக்காத பொருள் அது ஒன்றுதான். தட்டத்தின் தூசை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்து, கிண்ணத்தின் எடையைக் கழித்து, கணக்கிட்டார். தாளில் மட்டும் இருந்ததன்படி எண் ஐம்பத்தெட்டு. தட்டத்தில் விழுந்ததையும் சேர்த்தால் இருநூற்று முப்பத்தொன்று.

“உங்க பதிவேட்டுல எதை எழுதுவீங்க?” என்று கேட்டார் தையற்காரம்மா.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றால், அது சோம்பலால் வந்ததன்று. அளவுக்கு மீறிய அக்கறையால் வந்தது. அவர் வேலையில் சேர்ந்த நாளில் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: ஒவ்வொரு முறையும் தராசுத் தட்டைத் தூரிகையால் துடைக்க வேண்டும், அதில் தூசு படியக்கூடாது. அவர் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டின்மேல் புழுதி படிந்த தாளை வைப்பது, குளித்துவிட்டுச் சேற்றில் உட்காருவது போல அவருக்குப் பட்டது. எனவே தாளையும் துடைத்தார். அறைக்குள் வேறு யாரும் வருவதில்லை. வந்து பார்த்தால் மூச்சுப் படும். நகரத்திலேயே மிகத் தூய்மையான ஆய்வறை என்று மூன்று முறை அவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது.

தேனீக்களின் நாட்டில் இப்படி ஒன்று நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு தேனீயைக் கூட்டின் வாயிலில் காவலுக்கு வைத்தார்கள். அது நல்ல தேனீ, சுத்தம் பேணும் தேனீ. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தேனீயின் காலிலும் ஏதோ மஞ்சள் பொடி ஒட்டியிருப்பதைக் கண்டு, அதைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பியது. கூடு பளிங்கு போல இருந்தது. ராணித் தேனீ காவலைப் பாராட்டிப் பேசியது. அந்த ஆண்டு தேன் ஏன் இல்லை என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. பூக்கள் முன்போல இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் காவல் தேனீயிடம் ஒரு நாள் யாரேனும் உண்மையைச் சொல்லியிருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று தெரியாது. நிறுவைக்காரர் தலைமை அலுவலரின் அறையில் போய் நின்றார்.

அதற்குமுன் வெள்ளிக்கிழமை முழுதும் அவர் மற்ற ஆறு தாள்களையும் துடைக்காமல் ஒருமுறை, துடைத்து ஒருமுறை நிறுத்துப் பார்த்திருந்தார். பூங்காவின் தாளில் துடைப்பதற்கு முன்னும் பின்னும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே உள்ள மெல்லிய புகை தாளின் இழைகளுக்குள் ஒட்டிக்கொண்டுவிடும். லாரிச் சந்திப்பின் தாளில் பாதி உதிர்ந்தது. குப்பைமேட்டின் தாளில் முக்கால் பங்கு உதிர்ந்தது. எங்கே தூசு கனமாக இருந்ததோ அங்கேதான் தூரிகை கனமாக வேலை செய்திருந்தது.

தலைமை அலுவலர் கெட்டவர் அல்லர். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தவர்.

“எத்தனை வருஷம்?” என்றார்.

“பதினொண்ணு சார்.”

“ஏழு இடம்?”

“ஏழும்தான்.”

“பழைய தூசு எங்க?”

“கழுவித் தொட்டில ஊத்திட்டேன் சார். தினமும்.”

தலைமை அலுவலர் சன்னலைப் பார்த்தார். “எழுதிக் குடுங்க. குழு போடணும். குழு கூடணும். மூணு மாசம் ஆகும். திருத்தம் வெளியாகற வரைக்கும் அலுவலகத்தோட எண்ணு பழைய எண்ணுதான்.”

“செவ்வாய்க்கிழமை மனுவுக்குக் கடைசி நாள் சார்.”

“அது எனக்கும் தெரியும்.”

“உரிமம் பத்து வருஷம் நீண்டுடும்.”

“அலுவலகம் செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒண்ணும் சொல்ல முடியாது.” தலைமை அலுவலர், நிறுவைக்காரர் கொண்டுவந்திருந்த கணக்குக் குறிப்பை எடுத்து, மடித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை நம்ம ஊழியருங்க எந்தத் தெருவுல நடக்கறாங்கன்னு அலுவலகம் அளக்கறதில்ல” என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூவரும் இருந்தார்கள். நிறுவைக்காரர் நடந்ததை மனைவியிடமும் மைத்துனரிடமும் வரிசை தவறாமல் சொன்னார். அவர் மனைவி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கேட்டு முடித்துவிட்டு, “இத்தனை வருஷமா நான் வீட்டைக் கூட்டறப்ப ‘மூலையில தூசு விட்டுட்டே’ன்னு குத்தம் கண்டுபிடிச்சீங்களே” என்றார். “விட வேண்டிய தாள்ல தூசைத் தட்டிட்டு, வீட்டு மூலையில தேடியிருக்கீங்க.”

“அக்கா, விடு. மனுஷன் ஏற்கெனவே நொந்து போயிருக்காரு.”

“நீ சும்மா இருடா. தாளைக் கையில தூக்கிட்டு வந்தவன் நீ. கரியா இருக்கற தாளுக்கு அறுபத்தொண்ணு வருதேன்னு ஒரு நாளாவது தோணுச்சா?”

“தோணுச்சு. சொன்னேன். மூக்குக்குச் சான்றிதழ் இல்லைன்னுட்டாரு.”

நிறுவைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு, “ஆமா, சொன்னான்” என்றார். மணமான இருபத்திரண்டு ஆண்டுகளில் மைத்துனர் சொன்னது சரி என்று அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல்முறை. மைத்துனருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தண்ணீர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிறுவைக்காரர் தையற்காரம்மாவின் கடை வாசலில் நின்றார். நல்ல சட்டை போட்டிருந்தார். மைத்துனர் சற்றுத் தள்ளி வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“கையெழுத்தை எடுத்துக்கிட்ட வீடு முப்பத்து மூணுன்னு கேள்விப்பட்டேன்” என்றார் நிறுவைக்காரர்.

“முப்பத்து மூணுதான்.”

“ஒவ்வொரு வீட்டுக்கும் நான் வரேன். நான் எழுதினது தப்புன்னு நானே சொல்றேன்.”

தையற்காரம்மா தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். “என்கிட்ட முதல்ல சொல்லலாமே.”

நிறுவைக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. கைகளைச் சேர்த்துக்கொண்டார். “நான் எழுதினது தப்பும்மா. உங்க மாடித் தூசை நான்தான் தட்டிவிட்டேன். மூணாவது பத்தி ரொம்பத் தப்பு. அதை நான் சந்தோஷமா வேற எழுதினேன்.”

“சந்தோஷமா எழுதினதைச் சொல்லியிருக்க வேண்டாம்” என்றார் தையற்காரம்மா. மனுத் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதல் வீட்டில் நிறுவைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அளவீட்டு நடைமுறையில் ஒரு குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது” என்று தொடங்கினார். வீட்டுக்காரர் வியாபாரம் செய்ய வந்தவர்களோ என்று நினைத்து, ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்தப் போனார்.

“இப்படிப் பேசினா இந்தத் தெரு முடிய ஒரு வாரம் ஆகும்” என்றார் தையற்காரம்மா. “தூசைத் தட்டினீங்கல்ல, அதைச் சொல்லுங்க.”

“தூசை நிறுக்கறதுக்கு முன்னாடி நான் தூசைத் தட்டிட்டேங்க” என்றார் நிறுவைக்காரர்.

வீட்டுக்காரர் சாத்திய கதவைத் திறந்தார். “எதை நிறுக்கறதுக்கு முன்னாடி?”

“தூசை.”

“எதைத் தட்டினீங்க?”

“தூசை.”

வீட்டுக்காரர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வந்ததும், இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். நிறுவைக்காரர் இன்னொரு தடவை சொன்னார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு கையெழுத்திட்டார்கள்.

இப்படியே நடந்தது. ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் திட்டினார்கள். திட்டியவர் மளிகைக் கடைக்காரர். அவருடைய தாய்க்கு மூச்சிரைப்பு இருந்தது. அவர் திட்டி முடிக்கும்வரை நிறுவைக்காரர் தலைகுனிந்து நின்றார். திட்டி முடித்ததும் கடைக்காரர் பேனாவைக் கேட்டார். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், வாய்ப்பேச்சு செல்லாது, எழுதிக் கொடுங்கள் என்றார். நிறுவைக்காரர் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, அச்செழுத்துப் போன்ற தம் கையெழுத்தில், தூசைத் துடைத்ததையும், துடைக்காவிட்டால் எண் என்ன என்பதையும், இது அலுவலகத்தின் கூற்று அன்று, தவறு செய்தவனின் கூற்று என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டார். எழுத்தர் அதை இருமுறை படித்துவிட்டு, பத்தி நன்றாக இருக்கிறது என்றார்.

இருபத்தாறாம் வீட்டில் மனுவின் எண்ணிக்கை முப்பதைத் தொட்டது. மைத்துனர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “மாமா, ஆச்சு. வாரியம் வந்தாகணும்” என்றார். நான்கு வீடுகளில் மறுத்துவிட்டார்கள். அது போகத்தான் முப்பது. தையற்காரம்மா மனுத் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டின் படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியிருந்தது. குப்பைமேட்டிலிருந்து புகை மெல்லத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

“போதும்ங்க. வீட்டுக்குப் போங்க. கால் வலிக்கும்.”

“இன்னும் ஏழு வீடு இருக்கும்மா.”

“அதான் முப்பது வந்துடுச்சே.”

“முப்பது உங்க மனுவுக்கு. நான் தப்பாச் சொன்னது முப்பத்து மூணு வீட்டுக்கு.”

தையற்காரம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் பார்த்தார். பிறகு எழுந்து உடன் நடந்தார்.

கடைசி வீடு குப்பைமேட்டின் மதிலை ஒட்டி இருந்தது. அங்கே இருந்தவர் குப்பைமேட்டின் காவலாளி. அவர் மனைவிதான் முன்பு கையெழுத்திட்டு, கடிதம் வந்ததும் திரும்பப் பெற்றவர். காவலாளி சீருடைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். தையற்காரம்மாவைக் கண்டதும் முகம் சுருங்கியது.

“பூங்காக்கா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் வேலை அங்கதான் இருக்கு. உங்களுக்கே தெரியும்.”

“வேண்டாங்க” என்றார் நிறுவைக்காரர்.

“அப்ப எதுக்கு வந்தீங்க? நீங்க யாரு?”

“அந்தக் கடிதத்தை எழுதினவன். உங்க வீட்டுக்கும் தப்பாத்தான் எழுதினேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கேட்டுக்கிட்டா போதும்.”

காவலாளி வாயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மதிலுக்கு அப்பால் ஒரு லாரி குப்பையைக் கொட்டிவிட்டு நின்றது. எழுந்த புழுதி மதிலைத் தாண்டி நான்கு பேர்மேலும் இறங்கியது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை. காவலாளி வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிறுவைக்காரருக்குப் போட்டார்.

“சொல்லுங்க.”

நிறுவைக்காரர் தாள் என்றால் என்ன, தட்டம் என்றால் என்ன, தாம் என்ன செய்தோம் என்று முதலிலிருந்து சொன்னார். காவலாளி சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்து, “நீயும் வந்து கேளு. கையெழுத்து உன் இஷ்டம்” என்றார்.

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நிறுவைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.